"அடைப்பை எடுப்பார்கள் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம், இவர்கள் அடைக்கப் போகிறார்களாமே?"

வாசகியின் கடிதம் நீளமானது. ஆளைக் காட்டும் விவரங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

பெண் குழந்தை, வயது 5 மாதம். பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது 4.9 கிலோ. பால் குடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்குகிறது. விட்டுவிட்டு மறுபடி வாய் வைக்கிறாள். நெற்றி வியர்த்து நனைந்துவிடுகிறது. சளி என்று சொல்லி இரண்டு முறை மருந்து கொடுத்தார்கள். தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு மருத்துவர் நெஞ்சில் மட்டுமல்லாமல் முதுகிலும் நெடுநேரம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, எக்கோ எடுக்கச் சொன்னார். இதயத்தில் ஓட்டை இல்லை, ஆனால் இடது பக்கம் பெருத்திருந்தது. ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோவில் காரணம் தெரிந்தது: வயிற்றுக்குள், உடலின் முதன்மைத் தமனியான மகாதமனியிலிருந்து 5 மி.மீ. அகலத்தில் ஒரு ரத்தக்குழாய் கிளம்பி, உதரவிதானத்தைத் தாண்டி மேலே ஏறி, வலது நுரையீரலின் கீழ் மடலுக்குள் போகிறது.

இதய மருத்துவர், தொடை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு அந்த ரத்தக்குழாயை அடைத்துவிடலாம் என்கிறார். அறுவை சிகிச்சை நிபுணர் அந்த மடலையே எடுத்துவிடலாம் என்கிறார். வீட்டுப் பெரியவர்கள், "ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டுதானே ஆட்கள் சாகிறார்கள், வேண்டுமென்றே யாராவது அடைப்பார்களா?" என்கிறார்கள். வார்டில் பக்கத்துக் கட்டிலில் நீலம் பாய்ந்த ஒரு பையன். அவனுக்கும் மகாதமனியிலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள்தானாம், ஆனால் அவனுடைய மருத்துவர்கள் "இவற்றை மூடவே கூடாது" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆக்சிஜன் அளவு 98 காட்டுகிறதே, அப்படியானால் அவசரமில்லையா? வளர வளரத் தானாக மூடிக்கொள்ளாதா? கர்ப்பத்தில் நான் சாப்பிட்ட மாத்திரைதான் காரணமா? சி.டி. அறிக்கையின் நகலையும் இணைத்திருக்கிறார்.

சகோதரி, மாத்திரை பற்றி நீங்கள் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். கடிதத்தில் அதைக் கடைசியில் வைத்திருந்தாலும் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது. கருவில் நுரையீரல் ஒரு மொட்டாக முளைக்கும்போது அதற்கு ரத்தம் கொடுப்பவை மகாதமனியிலிருந்து வரும் மெல்லிய ரத்தக்குழாய்கள். இதயத்திலிருந்து நுரையீரல் தமனி வளர்ந்து வந்து சேர்ந்ததும் இவை சுருங்கி மறைந்துவிடும். எல்லோருக்கும் அப்படித்தான். உங்கள் மகளுக்கு அவற்றில் ஒன்று மறையாமல் தங்கிப் பெருத்துவிட்டது. கர்ப்பம் தரித்த முதல் சில வாரங்களில் நடந்து முடிந்த காரியம் இது. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் மாத்திரையை 6-ஆம் மாதத்தில் சாப்பிட்டிருக்கிறீர்கள். காலக்கணக்கே ஒத்துவரவில்லை. இது வழக்கமாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதும் இல்லை. அடுத்த கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரத்துக்குள் கருவின் இதயத்தையும் நுரையீரலையும் ஒருமுறை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு மேல் கவலை வேண்டாம்.

98 என்ற எண் ஏன் ஆறுதல் தராது

நுரையீரலுக்கு இரண்டு பக்கமிருந்து ரத்தம் வருகிறது. பெரிய வரத்து நுரையீரல் தமனி. வலது இதயத்திலிருந்து கறுத்த ரத்தத்தைக் குறைந்த அழுத்தத்தில் கொண்டுபோய் ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ள வைக்கும். சின்ன வரத்து, மகாதமனியிலிருந்து மூச்சுக்குழல்களுக்குப் போகும் மெல்லிய தமனிகள். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடுதான் அவற்றில் ஓடும்.

உங்கள் மகளின் 5 மி.மீ. ரத்தக்குழாய் இந்த இரண்டு கணக்கிலும் சேராது. 5 கிலோ குழந்தைக்கு 5 மி.மீ. என்பது மிகப் பெரிது, அவளுடைய மகாதமனியே அதைவிடப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே ஆக்சிஜன் ஏற்றிய சிவந்த ரத்தம் அதன் வழியாக முழு அழுத்தத்தோடு கீழ் மடலுக்குள் பாய்கிறது, அங்கே செய்ய வேலை எதுவும் இல்லாமல் நுரையீரல் சிரை வழியாக இடது இதயத்துக்கே திரும்பி வருகிறது. மறுபடி மகாதமனி, மறுபடி அதே சுற்று. பேருந்தை விட்டு இறங்காமலே நாள் முழுக்கச் சுற்றும் பயணி மாதிரி. கறுத்த ரத்தம் எங்கும் கலக்காததால் விரலில் மாட்டும் கருவி 98-தான் காட்டும். ஆனால் இந்த வெட்டிச் சுற்றையும் சேர்த்து இறைக்க வேண்டியிருப்பதால் இடது இதயம் பெருத்துப்போகிறது, நுரையீரல் கனக்கிறது, குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய எண் 98 அல்ல, 4.9. சாதாரணமாக 5 மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகிவிடும், அதாவது 5.6 கிலோ வந்திருக்க வேண்டும். நெற்றி வியர்வையும் இதே கதைதான். கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் மலை ஏறுவதற்குச் சமமான உழைப்பு. பெரியவர்களுக்கு மாடிப்படியில் தெரியும் இதயக் களைப்பு இவளுக்கு மார்பில் வாய் வைத்த சில நிமிடங்களில் தெரிகிறது.

தானாக மூடிக்கொள்ளுமா என்றால், இந்த அளவுக்கு அகலமாகி, ரத்தம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் ரத்தக்குழாய் மூடிக்கொள்ளும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. கைக்குழந்தையில் தொந்தரவு தராமல் தப்பியவர்களுக்கே, அந்த மடலுக்குள் ஆண்டுக்கணக்கில் உயர் அழுத்தம் இடித்து, பெரியவர்களானபின் இருமலில் ரத்தம் வருவது உண்டு.

ஒரே ரத்தக்குழாய், இரண்டு குழந்தைகள், இரண்டு தீர்ப்பு

வீட்டுப் பெரியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மருத்துவர்களாகிய நாங்கள் பயன்படுத்தும் சொல்தான் குழப்பத்துக்குக் காரணம். "அடைப்பு" என்றாலே மாரடைப்பு நினைவுக்கு வருகிறது. அங்கே உறுப்புக்கு உணவு கொண்டுபோகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது, அதனால் திறக்கிறோம். இங்கே தேவைக்கு மேல் ரத்தம் கொட்டுகிறது, அதனால் மூடுகிறோம். நான் பெற்றோரிடம் பேசும்போது "அடைப்பது" என்ற சொல்லையே விட்டுவிட்டேன். "மூடுவது" என்றுதான் சொல்கிறேன்.

பக்கத்துக் கட்டில் பையனின் கதை வேறு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அவனுக்கு இதயத்திலிருந்து நுரையீரல் தமனிக்குப் போகும் வழியே உருவாகாமல் போயிருக்க வேண்டும். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மகாதமனியிலிருந்து கிளம்பும் ரத்தக்குழாய்கள்தான் நுரையீரலின் ஒரே வரத்து. அவற்றை மூடினால் உயிருக்கே ஆபத்து. அறுவை சிகிச்சை நிபுணர்கள் அவற்றைப் பொறுக்கி எடுத்து ஒன்றாக இணைத்து ஒரு புதிய நுரையீரல் தமனியையே கட்டி எழுப்புவார்கள். அந்தப் பையனுக்கே, ஒரு பகுதிக்கு இரண்டு வரத்து இருந்தால், அதில் தேவையில்லாத ஒன்றைக் கதீட்டர் வழியாக மூடவும் செய்யலாம்.

ஆகவே மூடுவது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்க முடியாது. இந்த ரத்தக்குழாயை மூடினால் அந்த மடலுக்குச் சோறு போட வேறு ஆள் இருக்கிறாரா? உங்கள் இரண்டு மருத்துவர்களும் மாறுபடுவதன் வேர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய அறிக்கையை மூன்று முறை படித்தேன். கீழ் மடலுக்கு மூச்சுக்குழல் கிளைகள் இயல்பாகப் போகின்றன என்று இருக்கிறது. நல்ல செய்தி. சிரை இடது மேலறைக்கே திரும்புகிறது என்று இருக்கிறது. அதுவும் நல்லது. நுரையீரல் தமனியின் கிளை கீழ் மடலின் அடிப்பகுதி வரை வருகிறதா என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

மருத்துவர்களிடம் கேட்க வேண்டிய மூன்று

முதலாவது, நான் மேலே சொன்ன விடுபட்ட வரி. அந்த சி.டி. படத்தையே குழந்தைகளின் நெஞ்சுப் படங்களைப் பார்த்துப் பழகிய கதிரியக்க மருத்துவர் ஒருவர் மறுபடி பார்த்தால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். புதிதாக சி.டி. எடுக்க வேண்டியதில்லை. அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் அடங்கிய குறுந்தகட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் தமனியும் அங்கே வருகிறது என்றால் மூடுவது எளிதான முடிவு. வரவில்லை என்றால் மூடியபின் அந்தப் பகுதி ரத்தமில்லாமல் பாதிக்கப்படலாம். பக்கத்திலிருந்து சின்ன ரத்தக்குழாய்கள் கைகொடுத்து நுரையீரல் பிழைத்துக்கொண்ட குழந்தைகளும் உண்டு. ஆனால் அதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல், முன்பே தெரிந்துகொண்டு எடை போட வேண்டும்.

இரண்டாவது, மூச்சுக்குழலோடு உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? 1946-இல் ப்ரைஸ் என்ற மருத்துவர், மகாதமனியிலிருந்து நுரையீரலுக்குள் தவறாக ரத்தக்குழாய் போகும் இந்த நோயை ('சீக்வெஸ்ட்ரேஷன்' என்பார்கள்) வகை பிரித்து எழுதினார். சிலருக்கு அந்த நுரையீரல் துண்டு மூச்சுக்குழலோடு சேராமல் தனித்தீவாகக் கிடக்கும். காற்று சரியாகப் போய்வராததால் அங்கே சளி தேங்கிச் சீழ் பிடிக்கும், திரும்பத் திரும்ப நிமோனியா வரும். அந்த நிலையில் ரத்தக்குழாயை மட்டும் மூடினால் தொற்று நிற்காது, துண்டை எடுப்பதுதான் சரி. உங்கள் அறுவை சிகிச்சை நிபுணர் இதை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் மகளுக்கு இதுவரை நிமோனியா வரவில்லை, மூச்சுக்குழல் கிளைகள் இயல்பு என்றும் அறிக்கை சொல்கிறது. இந்த இரண்டும் உறுதியானால், நன்றாக வேலை செய்யும் ஒரு மடலை 5 மாதக் குழந்தையிடமிருந்து எடுக்க நான் தயங்குவேன்.

மூன்றாவது, சிரை இடது மேலறைக்குப் போகிறது என்பதை எக்கோவிலும் உறுதிசெய்தார்களா? சிலருக்கு வலது நுரையீரலின் சிரை கீழே இறங்கி, வயிற்றிலிருந்து வரும் பெருஞ்சிரையில் சேரும். எக்ஸ்ரேயில் வளைந்த துருக்கிய வாள் போலத் தெரிவதால் வாளின் பெயரையே அந்த நோய்க்கு வைத்துவிட்டார்கள். அங்கேயும் தவறான தமனியை மூடுவது குழந்தையைத் தேற்றும், ஆனால் அதோடு கதை முடியாது.

கேத் லேபில் (கதீட்டர் சிகிச்சை அறையில்) என்ன நடக்கும்

முழு மயக்கத்தில் செய்வார்கள். தொடை இடுக்கில் ஊசி போட்ட அளவுத் துளைதான், வெட்டும் இல்லை, தையலும் இல்லை. கைக்குழந்தைக்கு 4 அல்லது 5 பிரெஞ்சு அளவுள்ள கதீட்டர் போதும். (3 பிரெஞ்சு என்றால் 1 மி.மீ., ஆகவே ஒன்றரை மி.மீ. பக்கம் வரும்.) அது மகாதமனிக்குள் ஏறி அந்த ரத்தக்குழாயின் வாயைக் கண்டுபிடித்ததும் சாயம் செலுத்துவார்கள். திரையில் சாயம் மேலே ஓடி, கீழ் மடலில் மரக்கிளை போல விரிந்து, சில நொடிகளில் சிரை வழியாக இதயத்துக்குள் இறங்குவது அப்படியே தெரியும். எத்தனை ரத்தக்குழாய்கள், எங்கே பிரிகின்றன, உதரவிதானத்துக்கோ வயிற்று உறுப்புக்கோ ஒரு கிளையாவது போகிறதா என்பதெல்லாம் அந்தப் படத்தில்தான் தீரும். சிரை வழியாக இன்னொரு கதீட்டரை விட்டு நுரையீரல் தமனியையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன முதல் கேள்விக்கு ஐயமில்லாத பதில் அங்கே கிடைத்துவிடும். பதில் பாதகமாக இருந்தால், எதையும் மூடாமல் வெளியே வந்துவிடவும் முடியும். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே இதைப் பேசிவையுங்கள்.

மூடப் பயன்படுபவை இரண்டு வகை. காயில் என்பது சுருள்கம்பி, அதில் நூலிழைகள் இருக்கும்; ரத்தம் அவற்றில் பட்டு உறைந்து ரத்தக்குழாயை மூடும். ஜியான்டூர்க்கோ என்பவரின் குழு 1975-இல் கொண்டுவந்த யோசனை, இன்றைக்கும் நிற்கிறது. 5 மி.மீ. ரத்தக்குழாய்க்குப் பெரும்பாலும் பிளக்கைத் தேர்ந்தெடுப்பார்கள். நிக்கலும் டைட்டானியமும் கலந்த மெல்லிய கம்பி வலையால் ஆன அடைப்பான் அது. ரத்தக்குழாயின் அகலத்தைவிட 30 முதல் 50 விழுக்காடு பெரியதாகப் பார்த்து எடுப்பார்கள், விரிந்து சுவரை அழுத்திப் பிடிக்க வேண்டுமல்லவா? பிளக்கின் பெரிய வசதி, உள்ளே விரித்த பிறகும் அது ஒரு கம்பியின் முனையில் திருகப்பட்டே இருக்கும். மெதுவாக இழுத்துப் பார்ப்பார்கள், சாயம் விட்டுப் பார்ப்பார்கள். இடம் பிடிக்கவில்லை என்றால் மறுபடி கதீட்டருக்குள் இழுத்துக்கொள்ளலாம். திருப்தியான பிறகுதான் திருகைக் கழற்றி விடுவார்கள். குடும்பத்தில் யாருக்காவது நிக்கல் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அபாயங்களை மறைக்க மாட்டேன். இந்த வயதில் நான் முதலில் அஞ்சுவது நெஞ்சைப் பற்றி அல்ல, காலைப் பற்றி. தொடைத் தமனி மிக மெலிது. அதில் ரத்தம் உறைந்தால் கால் குளிர்ந்து வெளுத்துவிடும், நாடி தொட்டால் கிடைக்காது. அதனால்தான் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் கொடுப்பார்கள், பிறகு செவிலியர் மணிக்கொரு முறை பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். நீங்களும் தொட்டுப் பாருங்கள், ஒரு கால் மற்றதைவிடக் குளிர்ந்திருந்தால் உடனே கூப்பிடுங்கள். அடுத்தது, பிளக்கோ காயிலோ இடம் பெயர்வது. அரிது, ஆனால் நடப்பது. பெரும்பாலும் சுருக்குக் கம்பியால் கவ்வி எடுத்துவிடலாம், எடுக்க முடியாதபோது அறுவை சிகிச்சை தேவைப்படும். மூடியபின் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், சிணுங்கல், நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் நீர் சேர்வது ஆகியவை எதிர்பார்க்கக்கூடியவை. முழுமையாக மூடாமல் சின்ன இடைவெளியில் ரத்தம் பீறிட்டால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுஞ்சிவப்பாகும். டயப்பரில் அந்த நிறத்தைப் பார்த்தால் அதை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறுவை சிகிச்சையும் இன்று பயமுறுத்தும் ஒன்றல்ல. இந்தத் தவறான தமனி இருப்பதே தெரியாமல் உள்ளே போய் வெட்டினால், அறுந்த முனை உதரவிதானத்துக்குக் கீழே ஒளிந்துகொண்டு ரத்தம் கொட்டும் என்பதுதான் பழைய பயம். இப்போது சி.டி. முன்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கதீட்டரால் முடியாமல் போனாலோ, பின்னாளில் அந்த மடலில் தொற்று வந்தாலோ அந்த வழி திறந்தேதான் இருக்கும். மடலை எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது. நான் முதலில் கதீட்டர் பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழந்தை 10 கிலோ ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்று உறவினர் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மருந்திலேயே எடை ஏறிக்கொண்டிருந்தால் நானும் கொஞ்சம் காத்திருக்கலாம் என்பேன், தொடைத் தமனி பெருக்கும். ஆனால் உங்கள் மகளுக்கு, தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு மருந்தைக் கொடுத்தும் 3 வாரமாக எடை நின்றுவிட்டது. எடை ஏறாததற்குக் காரணமே அந்த ரத்தக்குழாய் என்னும்போது, எடை ஏறிய பிறகு அதை மூடலாம் என்பது எப்படி? பச்சிளம் குழந்தைகளுக்கே இதைச் செய்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், நாட்கணக்கில் பதறவும் வேண்டாம். இரண்டு மருத்துவர்களையும் ஒன்றாக உட்கார்ந்து படத்தைப் பார்க்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்த அளவு எடையுள்ள குழந்தைகளுக்கு இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்றும் தாராளமாகக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூடிய பிறகு

எல்லாம் சரியாக நடந்தால் முதுகில் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் அன்றைக்கே நின்றுவிடும். பெருத்த இதயம் சுருங்கச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகும், அதை எக்கோவில் பின்தொடர்வார்கள். அருகில் வேறு சின்ன ரத்தக்குழாய் பெருத்துக்கொண்டு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும், எனவே "சரியாகிவிட்டது" என்று பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள். குழந்தை வளரும்போது பிளக்கை மாற்ற வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு, வேண்டியதில்லை. மூடிய ரத்தக்குழாய் தழும்பாக இறுகிவிடும். பிளக்கின் பெயரும் அளவும் எழுதிய அட்டையைத் தருவார்கள், அதைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். முதல் 6 மாதம் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாட்டிக் தேவை என்றும் உங்களிடம் சொல்வார்கள். பல்லே முளைக்காத பிள்ளைக்கு அது இப்போதைக்குக் கவலையில்லை.

அதுவரை ஃபுரோசமைடை ஒரு வேளைகூட விடாதீர்கள். ஒரே மூச்சில் வயிறு நிறைய ஊட்டப் பார்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். தாய்ப்பால் போதவில்லை என்றால் பாலின் சத்தைக் கூட்டும் வழியை மருத்துவர் சொல்லித் தருவார், நீங்களாகப் பால் பவுடரைக் கெட்டியாகக் கலக்க வேண்டாம். தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். அவள் தூங்கும்போது சட்டையை விலக்கி ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணி எழுதி வையுங்கள், நாளுக்கு ஒருமுறை போதும். அந்த எண் 60-ஐத் தாண்டினாலோ, விலா இடுக்குகள் உள்ளே இழுத்தாலோ, தொடர்ந்து இரண்டு வேளை பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலமானாலோ, சந்திப்புத் தேதி வரட்டும் என்று காத்திராமல் அந்த நேரத்திலேயே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.